குசினித் திறப்பு

என் பெறாமகளுக்கு அவள் படிக்கிற பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. தை மாதப் பரீட்சைகளுக்கு நேரசூசி தயாரிக்கிறார்களாம். சமய அனுஷ்டானம் காரணமாகப் பரீட்சை எழுத முடியாத நாட்களோ நேரங்களோ உண்டா, உண்டெனில் எந்தச் சமயம், எந்த நாள் என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் அதைக் கணினியில் விரித்து வைத்துக்கொண்டு, "சித்தப்பா, எங்களுக்கு எது நாள்?" என்று கேட்டாள்.

கேள்வி சின்னது. ஆனால் அன்று இரவு முழுவதும் அந்த வீட்டில் அதைப் பற்றித்தான் கதை. அண்ணி தைப்பொங்கலைப் போடச் சொன்னா. பொங்கல் சமயமில்லை, அது தமிழர் திருநாள், அதைச் சமயப் பெட்டிக்குள் போட்டால் நாங்களே எங்கள் வாதத்தைத் தோற்கடித்தது போலாகும் என்றான் அண்ணன். அப்படியென்றால் விடியக்காலமை எழும்பிச் சூரியனைக் கும்பிடுவது என்ன என்று அண்ணி கேட்டா. அண்ணனிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது அவன் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். "ஒண்டும் போடாதை பிள்ளை. உதுகளை எழுதிக் குடுத்தால் பேரைக் குறிச்சு வைச்சிருப்பாங்கள்" என்றான்.

முப்பத்தைந்து வருடங்களாக இந்த நாட்டில் இருக்கிறவனின் பயம் அது. அதைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிக்க அதிகம் இல்லை. சமயம் என்ன என்று ஒரு பல்கலைக்கழகம் கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு கதவு மூடப்படும் என்பதுதான் இந்தத் தேசத்தின் பல்கலைக்கழகங்களிலும் முந்நூறு வருடங்களாக இருந்த நிலைமை. கேள்வி ஒன்றுதான். கேட்பதன் நோக்கம் மாறியிருக்கிறது. அது எப்படி மாறியது என்பது எங்களுக்குச் சம்பந்தமில்லாத கதை என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்தக் கதைக்குள் எங்கள் ஆட்களும் நடந்துபோகிறார்கள்.

1581 முதல் ஒக்ஸ்போர்டில் பெயர் பதியவரும் மாணவன் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 பிரமாணங்களுக்குக் கையொப்பமிட வேண்டும். கையொப்பமிடாதவனுக்கு உள்ளே இடமில்லை. கேம்பிரிட்ஜ் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே நீ உள்ளே வரலாம், படிக்கலாம், பரீட்சை எழுதலாம், முதலாவதாகக்கூட வரலாம். ஆனால் பட்டம் வாங்கும் நாளில் நீ அந்தத் திருச்சபையைச் சேர்ந்தவன் என்று சொல்லியாக வேண்டும். ஒக்ஸ்போர்ட் வாசலில் நிறுத்தியது. கேம்பிரிட்ஜ் விருந்துக்குக் கூப்பிட்டுச் சோறு போடும் நேரத்தில் எழுப்பிவிட்டது. இரண்டில் எது கொடியது என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனாலும் இரண்டாவதுதான் என்று மனம் சொல்கிறது.

அப்படி எழுப்பிவிடப்பட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்ரர். யூதர். 1831இல் சென் ஜோன்ஸ் கல்லூரியில் சேர்ந்து, இடையில் நோயில் விழுந்து, 1837இல் கணிதப் பரீட்சையில் இரண்டாவது இடத்தைப் பெற்றார். சொல்ல வேண்டியதைச் சொல்ல மறுத்ததால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாததால் கல்லூரியில் பதவியும் இல்லை. 1841இல் டப்ளினில் உள்ள ட்ரினிற்றி கல்லூரி அவருக்குப் பட்டம் கொடுத்தது. பிறகு அத்திலாந்திக்கைக் கடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் கடந்தார். இன்று கணிதம் படிக்கிற பிள்ளைகள் 'மற்றிக்ஸ்' என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். கேம்பிரிட்ஜ் அவருக்குரிய பட்டத்தைக் கொடுத்தது 1872இல், அவருடைய 58ஆவது வயதில்.

இடம் கொடுக்காத இடத்துக்கு முன்னால் மனிதர்கள் இரண்டு காரியங்களில் ஒன்றைத்தான் செய்திருக்கிறார்கள். ஒன்று, கதவைத் தட்டிக்கொண்டே நிற்பது. மற்றது, போய்த் தனிவீடு கட்டுவது. லண்டனில் தனிவீடு கட்டினார்கள். 1826இல் தொடங்கி 1828இல் வகுப்புகள் ஆரம்பித்த அந்தக் கல்லூரிதான் இன்றைய யூனிவர்சிற்றி கொலிஜ். சமயப் பிரமாணம் இல்லை, சிற்றாலயம் இல்லை, இறையியல் பாடமே இல்லை. கத்தோலிக்கர், யூதர், திருச்சபைக்கு வெளியே நின்ற கிறிஸ்தவர்கள், ஒன்றையும் நம்பாதவர்கள் எல்லோரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். கௌவர் வீதியின் கடவுளற்ற நிறுவனம் என்று ஊர் ஏசியது. பதிலடியாகத் திருச்சபை ஆதரவாளர்கள் 1829இல் கிங்ஸ் கொலிஜைத் தொடங்கினார்கள். தனிவீட்டுக்கு எதிராக இன்னொரு தனிவீடு! இந்தப் பழக்கம் எங்களிடம் மட்டும் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

இந்தக் கடவுளற்ற லண்டன் எங்களுக்குச் செய்த உபகாரத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை எந்தக் கல்லூரியிலும் சேராதவர்களுக்கும் திறந்துவிட்டது. சமயம் கேட்காத, ஆளையும் கேட்காத பட்டம் அது. மேசை விளக்கு வெளிச்சத்தில் இலங்கையில் இருந்தபடியே படித்து எத்தனையோ பேர் அந்தப் பட்டத்தை எடுத்தார்கள். மட்டக்களப்புக் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்பவர் அவர்களில் ஒருவர். 1916இல் லண்டன் விஞ்ஞானப் பட்டதாரியான அவரைத்தான் நாங்கள் பிறகு விபுலானந்த அடிகள் என்று அறிந்தோம். அவரிடம் பிறகு வருகிறேன்.

தட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு என்ன நடந்தது? 1854இல் ஒக்ஸ்போர்டிலும் 1856இல் கேம்பிரிட்ஜிலும் கலைப் பட்டத்துக்கான பிரமாணத்தைப் பாராளுமன்றம் நீக்கியது. 1853இல் ஐந்தாவது இடத்தில் தேறிய ஆதர் கோகன் என்ற யூத மாணவர் 1858இல்தான் பட்டம் வாங்கினார். ஆனால் பட்டத்துக்கு அப்பால் இருந்த கதவுகள், அதாவது கல்லூரிப் புலமைப் பதவிகளும் நிர்வாகமும், அப்படியே மூடிக் கிடந்தன. யூதருக்காக அந்தக் கதவுகள் திறக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யூதர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். திருச்சபைக்கு வெளியே இருந்த கிறிஸ்தவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள், வாக்குரிமையும் பணமும் வைத்திருந்தார்கள், அவர்கள் தள்ளித்தான் கதவு அசைந்தது. சிறுபான்மையினரின் நியாயம் பெரிய ஒரு கூட்டத்தின் தேவையோடு ஒட்டிக்கொண்டால்தான் நகர்கிறது. இதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனாலும் அந்தச் சிலரில் ஒருவரின் கதை என் மனதை விட்டுப் போகவில்லை. நூமா ஹார்டொக். 1846இல் லண்டனில் பிறந்தவர். ட்ரினிற்றி கல்லூரியில் படித்து 1869இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதலாவதாக வந்தார். பட்டமளிப்பில் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொல்லித்தான் பட்டம் வழங்குவார்கள். ஹார்டொக்கின் முறை வந்தபோது, விசேட அனுமதி பெற்று, அந்த ஒரு தொடரை விட்டுவிட்டார்கள். ஒரு தொடர்தான். சில வினாடி. இந்தக் கட்டுரைக்காக நான் படித்தவற்றில் மிகச் சிறிய சலுகை அதுதான். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் முன்னால் முழங்காலில் நிற்கிற ஒருவனைப் பார்த்து, இவன் யார் என்று நினைத்துப் பார்த்தது அந்த வினாடியில்தான்.

பட்டம் கிடைத்தது. ஆனால் முதலாவதாக வந்தவனுக்கு வழக்கமாகக் கிடைக்கும் கல்லூரிப் புலமைப் பதவி கிடைக்கவில்லை. அதற்கு இன்னும் பிரமாணம் இருந்தது. ஹார்டொக் பிரபுக்கள் சபையின் தெரிவுக்குழுவின் முன் போய்ச் சாட்சி சொன்னார். 1871 யூன் 16ஆம் திகதி பல்கலைக்கழகப் பிரமாணச் சட்டம் நிறைவேறியது. மூன்று நாள் கழித்து, 19ஆம் திகதி, அம்மை நோயில் ஹார்டொக் இறந்துபோனார். வயது 25.

அந்தச் சட்டத்தை நான் தேடி வாசித்தேன். எல்லாவற்றையும் உடைத்தெறிகிற சட்டம் அல்ல அது. கல்லூரிச் சிற்றாலயங்களில் காலை மாலை வழிபாடு தொடரும் என்று எழுதியிருக்கிறது. இறையியல் பட்டங்களுக்குப் பழைய விதிதான். ஆனால் தன் சமயமல்லாத வழிபாட்டுக்கு ஒருவனைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கக் கூடாது என்றும், சமயக் காரணத்தால் ஒரு விரிவுரைக்கு வரமாட்டேன் என்பவனை வற்புறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. வீட்டுக்காரனின் சாமியறை அப்படியே இருக்கும், விருந்தாளி கும்பிட வேண்டியதில்லை. அவ்வளவுதான். இன்று சனிக்கிழமை பரீட்சை எழுத மாட்டாத யூத மாணவனை வேறு நேரத்தில், அதுவரை கேள்வித்தாளைப் பார்க்காதபடி ஒருவரின் கண்காணிப்பில் வைத்திருந்து, எழுத விடுகிறார்களே, என் பெறாமகளுக்கு வந்த படிவம் வருகிறதே, எல்லாம் அந்த ஒதுக்கமான வாசகங்களிலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்தவை. (பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுமையான பட்டம் கொடுத்தது 1948இல்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அவர்களைப் புகழலாம்.)

இனி எங்கள் ஆள். 1870இல் கொழும்பிலிருந்து ஒரு புலமைப்பரிசில் பெற்று, பதினேழு வயதுப் பையன் ஒருவன் கேம்பிரிட்ஜ் வந்தான். போய்ச் சேர்ந்த கல்லூரியின் பெயர் கிறைஸ்ற்ஸ், கிறிஸ்துவின் கல்லூரி. பையன் சைவன். தகப்பன் கொழும்புக் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயில் கட்டியவர். பெயர் பொன்னம்பலம் அருணாசலம். ஹார்டொக் சாட்சி சொன்ன, சட்டம் நிறைவேறிய காலத்தை ஒட்டியே அருணாசலம் அங்கே போய்ச் சேர்ந்தார். பத்து இருபது வருடம் முந்திப் போயிருந்தால் அவர் முன்னாலும் அந்தக் கடதாசியை நீட்டியிருப்பார்கள். அங்கேதான் எட்வேர்ட் கார்பென்ரர் அவருக்கு நண்பரானார். கார்பென்ரர் அப்போது திருச்சபைக் குருவாக இருந்து, 1874இல் அந்த அங்கியைக் கழற்றிப் போட்டவர். 1890இல் அவர் இலங்கை வந்தபோது அருணாசலம் அவரை ஒரு சைவ ஞானியிடம் அழைத்துப் போனார். கேம்பிரிட்ஜ் சிற்றாலயத்திலிருந்து புறப்பட்ட ஒருவன் ஞானம் கேட்டு எங்கள் ஊர்த் திண்ணையில் வந்து உட்கார்ந்த கதை அது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? 1872இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையை நிறுவினார். ஆங்கிலம் படிக்க வேண்டுமானால் மிசன் பள்ளிக்கூடம், அங்கே திருநீற்றோடு போனால் தொல்லை என்ற நிலைமைக்கு நாவலரின் பதில் அது. பட்டதாரிகளே இதற்குச் சாட்சி. வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும், தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், கிறிஸ்தவப் பெயர் சூடியிருந்து பிறகு சைவத்துக்குத் திரும்பியவர்கள். படிப்புக்கு விலை பெயராக இருந்தது. நாவலர் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. தனிவீடு கட்டினார். அந்தத் தனிவீட்டுக்குள் யார் யார் வரலாம் என்பதில் நாவலருக்கு இருந்த சாதிக் கணக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. மிசன் பள்ளிக்கூடம் திருநீற்றைப் பார்த்தது. நாங்கள் பிறப்பைப் பார்த்தோம். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. எரித்தது அந்நியன் அல்ல.

அருணாசலம் நாடு திரும்பி, குடியியல் சேவையில் உயர்ந்து, 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தினார். யார் எந்தச் சமயம் என்று ஒரு நாடு முழுவதையும் பெட்டி பெட்டியாக எண்ணியவர் ஒரு விதத்தில் அவர்தான். 1906இல் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அதே 1921இல் அவருடைய தமையன் இராமநாதன் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கினார், வளவுக்குள் ஒரு சிவன் கோயிலோடு. தம்பி எல்லோருக்கும் பொதுவான ஒரு பல்கலைக்கழகத்தைக் கேட்டார்; தமையன் சைவருக்கு ஒரு தனிவீட்டைக் கட்டினார். ஒரே வீட்டில் பிறந்த இருவர். இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இராமநாதனின் காலத்தில் ஒரு சைவப் பிள்ளை தலைநிமிர்ந்து படிக்க அந்தத் தனிவீடு தேவைப்பட்டது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. அடுத்த ஆண்டு அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் காவியுடையில் வந்தார்: விபுலானந்த அடிகள். சமயம் கேட்காத லண்டன் பட்டத்தோடு தொடங்கிய ஒருவர் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாக விரிவுரை மேடையில் ஏறினார். அவருடைய மாணவர் எம்.எம். உவைஸ். முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டை உவைஸ் ஆராயத் தொடங்கியதன் பின்னால் அடிகளின் ஊக்கம் இருந்தது. அந்தத் தலைப்பில் உவைஸ் எழுதிய ஆங்கில நூல் 1953இல் வெளிவந்தது. 1952இலிருந்து தனிநாயகம் அடிகள் அதே பல்கலைக்கழகத்தில் கத்தோலிக்கக் குருவின் அங்கியோடு படிப்பித்தார். பல்கலைக்கழகத்தில் சமயங்களுக்கு இடம் என்றால் உடனே கோயிலும் பள்ளிவாசலும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாடத்திட்டம். சீறாப்புராணம் தமிழ் இலக்கியமா இல்லையா என்பதும் ஒரு வழிபாட்டு அறை தருவதா இல்லையா என்பது போன்ற கேள்விதான். ஒரு காவித் துறவி அதற்கு ஆம் என்று பதில் சொன்னார்.

1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு ஏறியது. விடுதிகளில் ஒன்றுக்கு அருணாசலத்தின் பெயர், இன்னொன்றுக்கு இராமநாதனின் பெயர். ஐவர் ஜெனிங்ஸ் கனவு கண்ட அந்த வளாகத்தில் காலப்போக்கில் பௌத்த விகாரை, கிறிஸ்தவச் சிற்றாலயங்கள், பள்ளிவாசல், குறிஞ்சிக் குமரன் கோயில் எல்லாம் எழுந்தன. அண்ணன் அங்கே படித்த 1973இல் நான் பள்ளிக்கூடப் பையன். யாழ்தேவியில் புறப்பட்டு, பொல்காவலையில் ரயில் மாறி அவனைப் பார்க்கப் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மழைத் தூறலில் மேடேறி, குறிஞ்சிக் குமரனிடம் போனோம். ஐயர் தீபம் காட்ட, தோத்திரம் பாடியது பொறியியல் படிக்கிற ஒரு பையன். சுண்டல் கொடுத்தார்கள், கடதாசியில், சூடாக. கீழே பனிமூட்டத்துக்குள் எங்கோ பிரித் ஓதும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சத்தமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. இறங்கி வரும்போது அண்ணன், "இஞ்சை ஒருத்தரும் நீ ஆர், எந்தப் பகுதி எண்டு கேக்கிறேல்லை" என்றான். ஐந்து வருடங்களுக்கு முன்னர், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிக் கேட்டவர்களுக்கு நடந்ததை நாங்கள் இருவரும் அறிவோம். ஊரில் இல்லாத கோயில் ஒன்று மலையில் இருந்தது.

அந்த மேட்டைப் பற்றி ஏக்கத்தோடு மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். அப்படி எழுதியவர்கள் நிறையப் பேர். ஆனால் 1983 மே மாதம் அதே வளாகத்தில் தமிழ் மாணவர்கள் சக மாணவர்களால் தாக்கப்பட்டார்கள். விகாரை இருந்தது, கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, சிற்றாலயம் இருந்தது. எல்லாச் சாமிகளும் இருக்கத்தான் பிள்ளைகள் காட்டுக்குள் ஓடினார்கள். ஆடியில் நடந்தது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம். 1974 ஒக்ரோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் திறக்கப்பட்டது. முதல் தலைவர் கைலாசபதி, மார்க்சிய விமர்சகர். அவருடைய வளாகத்தில் இராமநாதன் கட்டிய சிவன் கோயில். இந்தப் பொருத்தத்தை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன், சந்தோசமாக. அந்த ஆரம்ப ஆண்டுகளில் அங்கே சிங்கள மாணவர்களும் படித்தார்கள், சிங்களத் துறையும் இருந்தது. 1977 ஆவணிக் கலவரத்தோடு சிங்கள மாணவர்கள் போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள்தான் பெரும்பான்மை. வீட்டுக்காரர் நாங்கள். வீட்டுக்காரர் எப்படி இருந்தோம் என்பதுதான் எனக்குக் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விசயத்தைச் சொல்கிறேன். 1981இல் நாங்கள் எட்டுப் பேர், படிக்கிற பிள்ளைகள், ஒரு பழைய நாற்சார் வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமறியாக இருந்தோம். சமைக்க ஒரு ஆச்சி வருவா. எட்டுப் பேரில் ஒருவன் முஸ்லிம். நல்ல பந்தடிகாரன், அவனில்லாமல் எங்கள் அணி இல்லை. அந்த வருடம் நோன்பு ஆனியிலும் ஆடியிலுமாக வந்தது. நூலகம் எரிந்து ஒரு மாதம். நோன்பு தொடங்க முதல் நாள் அவன் வந்து, இரவுச் சாப்பாட்டில் தன் பங்கை மூடி வைத்தால் காணும், விடிய நாலு மணிக்குத் தான் எழும்பி எடுத்துச் சாப்பிடுவேன் என்றான். சஹர் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆச்சி இரவு போகும்போது குசினியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவா. அவவின் வழக்கம் அது, பூனைத் தொல்லை. திறப்பை எங்களிடம் தந்துவிட்டுப் போகச் சொல்ல வேண்டியது மட்டும்தான் வேலை. நாங்கள் கூடிக் கதைத்தோம். கூட்டம் என்றே அதைச் சொன்னோம். ஒருவன், இன்றைக்குத் திறப்பு என்பான் நாளைக்கு வேறொன்று என்பான் என்றான். இன்னொருவன், ஆச்சி சைவம், அவவின் சட்டி பானை என்றான். ஆச்சியை யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே ஒழுங்குதான் வேண்டும், ஒருவருக்கென்று தனி ஒழுங்கு வைத்தால் சமத்துவம் இல்லாமல் போய்விடும் என்று சொன்னவன் நான். அப்போது நான் படிப்பு வட்டமொன்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்; சமத்துவம் என்ற சொல் வாயில் இலகுவாக வரும். அந்த முப்பது நாளும் அவன் கடையில் வாங்கி வைத்த பணிசையும் பிளாஸ்கில் இருந்த வெறுந்தேத்தண்ணியையும் இருட்டுக்குள் இருந்து சாப்பிட்டான். கடதாசி சரசரக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். முழித்திருந்தும் நித்திரை போலக் கிடந்தேன். பெருநாளன்று அவன் வீட்டிலிருந்து எங்களுக்கு வட்டிலப்பம் வந்தது. ஏழு பேரும் சாப்பிட்டோம்.

ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் சொன்னதும் அதுதானே. எல்லோருக்கும் ஒரே கடதாசி, ஒரே கையொப்பம். ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்று என்று யார் சொல்கிறான் என்று பார்த்தால், அந்த ஒழுங்கு தன் அளவுக்குத் தைக்கப்பட்டவன்தான் சொல்கிறான். இது எனக்கு விளங்க இந்த நாட்டுக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மாமிசமில்லாத சாப்பாடு கேட்டு, சிரிப்பை வாங்க வேண்டியிருந்தது.

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நான் அப்போது இங்கே அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வருமென்று காத்திருந்தேன். செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குசினித் திறப்பு. ஒரு சாப்பாட்டுத் தட்டையும் ஒரு சமூகத்தின் வெளியேற்றத்தையும் ஒரே தராசில் வைப்பதா என்று ஒரு நண்பர் என்னோடு சண்டை பிடித்தார். வைக்கவில்லை. ஆனால் இரண்டு மணித்தியாலம் கொடுத்தபோது எங்களில் எவரும் வாய் திறக்காமல் இருந்ததற்குப் பயம் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். பேசாமல் கிடந்து பழகியிருந்தோம்.

கிழக்கிலும் இதுவே நடந்தது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களையும் ஆசிரியர்களையும் வைத்து 1995இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமானது. அடுத்த வருடம் அது பல்கலைக்கழகமாயிற்று. லண்டனில் 1826, வண்ணார்பண்ணையில் 1872, திருநெல்வேலியில் 1921, ஒலுவிலில் 1995. இந்தத் தடவை கதவை மூடியவர்களின் பக்கத்தில் நாங்கள் நின்றோம்.

போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்துக்குச் சிங்கள மாணவர்கள் மறுபடி வந்தார்கள். 2016 யூலையில் விஞ்ஞான பீடப் புதுமுக மாணவர் வரவேற்பு ஊர்வலத்தில் நாதஸ்வரத்தோடு கண்டிய நடனமும் வேண்டும் என்று கேட்டது அடிதடியில் முடிந்தது. அதைப் பற்றி எம்மவர் எழுதியவை பல. இராணுவம் பிடித்து வைத்திருக்கிற மண்ணில், விகாரைகள் முளைக்கிற காலத்தில், ஒரு மேளச் சத்தம் வெறும் மேளச் சத்தமாக இருக்காது என்பது உண்மை. கேட்கிறவனின் பின்னால் ஒரு அரசு நிற்கிறது. 1981இல் என் நண்பனின் பின்னால் யாரும் இல்லை. இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டுப் பேசுவது அநியாயம். ஆனாலும் அந்த நடனக்காரப் பையன் வீட்டில் இல்லாமல் முதன்முதலாக ஒரு ஊருக்குப் படிக்க வந்த இருபது வயதுப் பிள்ளை என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்க என்னால் முடிகிறதா என்றால், சில நாட்களில் முடிகிறது.

என் நண்பன் புத்தளத்தில் இருப்பதாகக் கேள்வி. இலக்கம் கிடைத்து மூன்று வருடமாகிறது.

பெறாமகள் கடைசியில் படிவத்தில் ஒன்றும் எழுதவில்லை. தகப்பன் சொன்னதற்காக இல்லை. பொங்கல் விடியத்தானே, பரீட்சை பத்து மணிக்குத்தானே என்றாள். அவளோடு பல்கலைக்கழக விடுதியில் ஒரே மாடியில் இருக்கிற சோமாலியப் பிள்ளை நோன்புக்கு நாட்களைக் குறித்துக் கொடுத்திருக்கிறதாம். போன நோன்புக்கு அந்தப் பிள்ளை விடிய எழும்பிச் சமைக்கிற வாசத்துக்கு இவளும் எழும்பிப் போய் இருந்து சாப்பிட்டிருக்கிறாள், ஐந்தாறு நாள்.

"அந்த நேரத்திலை குசினி திறந்திருக்குமோ? திறப்பு ஆரிட்டை?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. கணினியை மூடிக்கொண்டே, "குசினிக்கு என்னத்துக்குச் சித்தப்பா பூட்டு?" என்றாள்.